ஐந்து எலும்புகள், 56 பதில்கள்

செம்மறியாடு, வெள்ளாடு இவற்றின் பின்னங்காலில், குளம்புக்கு மேலே கால் பின்னோக்கி மடங்கும் மூட்டுக்குள் ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. நம் கட்டைவிரலின் மேல்கணு அளவுதான் வரும். கிரேக்கர்கள் இதை அஸ்ட்ரகலோஸ் என்றார்கள், ரோமானியர்கள் தாலுஸ் என்றார்கள். ஒரு ஆட்டுக்கு இரண்டுதான்: வலக்காலில் ஒன்று, இடக்காலில் ஒன்று. ஐந்து எலும்பு வேண்டுமென்றால் மூன்று ஆடுகளாவது வேண்டும். பழைய கிரேக்க, ரோமானிய உலகில் தெய்வத்திடம் குறி கேட்கப் பயன்பட்ட கருவிகளில் எளியதும் மலிவானதும் இதுதான்.

குறி சொன்னது தெய்வமா, தற்செயலா என்று அந்தக் காலத்திலேயே வாதாடியிருக்கிறார்கள். என்னை இழுப்பது வேறு கேள்வி. எலும்பின் வடிவம், எண்களை அடுக்கும் முறை, சீட்டை யார் கையால் எடுப்பது, பதில்களை எந்த வரிசையில் எழுதி வைப்பது ஆகிய இவைதான் கேட்டவர் காதில் எந்தப் பதில் விழும் என்பதைத் தீர்மானித்தன. அந்தக் கணக்கு இன்றும் போட்டுப் பார்க்கக்கூடியது.

முதலில் எலும்பு. இதற்கு நீள்வாக்கில் நான்கு பக்கங்கள். இரண்டு அகலமானவை, இரண்டு குறுகியவை. முனைகள் இரண்டும் உருண்டிருப்பதால் எலும்பு அதன்மேல் நிற்பது அரிது, அவற்றுக்கு மதிப்பும் கிடையாது. அகலப் பக்கங்களில் குழிந்தது 3, புடைத்தது 4. குறுகியவற்றில் ஒன்று 1, மற்றது 6. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7 வரும். 2, 5 என்ற எண்களே இதில் இல்லை. எலும்பின்மேல் பெரும்பாலும் புள்ளியோ எழுத்தோ இருக்காது. வடிவத்தைப் பார்த்தே எண்ணைச் சொல்ல வேண்டும். 1 விழும் பக்கத்துக்கு "நாய்" என்றும் கீயோஸ் தீவின் பெயராலும், 6 விழும் பக்கத்துக்குக் கோஸ் தீவின் பெயராலும் வழக்கு இருந்தது.

அகலப் பக்கத்தில் எலும்பு எளிதாகப் படுத்துவிடும், குறுகிய பக்கத்தில் நிற்பது கடினம். தோராயமாகச் சொன்னால் பத்து முறை உருட்டினால் நான்கு முறை 3, நான்கு முறை 4, ஒரு முறை 1, ஒரு முறை 6. எலும்புக்கு எலும்பு இது மாறும். அகழாய்வுகளில் பக்கங்கள் அரத்தால் தேய்க்கப்பட்ட எலும்புகளும், துளையிட்டு ஈயம் ஊற்றியவையும் கிடைக்கின்றன. அகலப் பக்கத்தைத் தேய்த்துத் தட்டையாக்கினால் 3, 4 இன்னும் அடிக்கடி விழும். குறுகிய பக்கத்தைத் தேய்த்தால் 1, 6 கூடும். ஈயம் எடையை ஒரு பக்கம் இழுக்கும். வெண்கலம், கண்ணாடி, தந்தம் ஆகியவற்றில் செய்த நகல்களும் உண்டு. டைபீரியஸ் பேரரசனாகும் முன், இன்றைய படுவா நகரை அடுத்த அபோனுஸ் ஊற்றில் பொன்னால் செய்த தாலுஸ்களை எறிந்ததாகவும், மிக உயர்ந்த எண் விழுந்ததாகவும், தம் காலத்திலும் அவை நீருக்கடியில் தெரிந்ததாகவும் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார்.

ஒரு எச்சரிக்கை. எலும்பு கிடைத்த இடமெல்லாம் குறி கேட்ட இடம் ஆகிவிடாது. அப்போலோவின் குறிக்கோயில் இருந்த டெல்ஃபிக்கு மேலே பர்னாசஸ் மலையில் உள்ள கோரிகியன் குகையில் ஏறத்தாழ 23,000 அஸ்ட்ரகலோஸ்கள் கிடைத்தன. அவற்றில் எத்தனையோ வெறும் காணிக்கைகள். குழந்தைகள் இவற்றை வைத்து விளையாடினார்கள், இறந்தவர்களோடு புதைத்தார்கள், குடிவிருந்தில் பந்தயம் கட்டினார்கள். ரோமானிய விருந்துகளில் நான்கு எலும்பும் நான்கு வேறு பக்கமாக விழுவதற்கு "வீனஸ்" என்று பெயர். மேலே சொன்ன விகிதப்படி இது ஏறக்குறைய 26 வீச்சுக்கு ஒருமுறை வரும்.

குறி கேட்கும் முறைகளில் மிக எளியதை கிரேக்கப் பயணி பௌசானியாஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார். கிரேக்கத்தின் அக்காயா பகுதியில் பூரா என்ற ஊருக்கு அருகே ஒரு குகை, உள்ளே ஹெராக்ளிஸ் சிலை. கேட்க வந்தவர் சிலைமுன் வேண்டிக்கொள்வார். பக்கத்தில் குவிந்து கிடக்கும் அஸ்ட்ரகலோஸ்களில் நான்கை எடுத்து மேசைமேல் உருட்டுவார். விழுந்த அமைப்புக்கான விளக்கம் ஒரு பலகையில் இருக்கும். நான்கு எலும்புக்கு 35 விதமான அமைப்புகள் உண்டு. அவ்வளவு பதில்கள் ஒரு பலகைக்குள் அடங்கிவிடும்.

இதன் விரிந்த வடிவம் இன்றைய துருக்கியின் தென்பகுதியில் இருந்தது. பிசிடியா, லைக்கியா, பம்ஃபிலியா ஆகிய பகுதிகளில் கிரெம்னா, தெர்மெஸ்ஸோஸ், பெர்கே போன்ற நகரங்களில் கல்தூண்கள் நின்றன, பெரும்பாலும் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சந்தைவெளி, நகரவாசல் போன்ற, ஆள் நடமாட்டம் உள்ள இடங்களில் அவை நிறுத்தப்பட்டன. பூசாரி வேண்டாம், நல்ல நாள் பார்க்க வேண்டாம். எழுத்தறிந்த ஒருவரும் ஐந்து எலும்புகளும் இருந்தால் போதும். ஒரே எலும்பை ஐந்து முறை உருட்டினாலும் சரி.

தூணில் எழுதியிருக்கும் முறை மிகவும் நேர்த்தியானது. ஒவ்வொரு பதிலுக்கும் மேலே ஒரு தலைப்பு வரி: ஐந்து எண்கள், அவற்றின் கூட்டுத்தொகை, ஒரு தெய்வத்தின் பெயர். அதன்கீழ் நான்கு வரிச் செய்யுள். செய்யுளின் முதல் வரி விழுந்த எண்களைச் சொற்களால் மறுபடியும் சொல்லும். 1, 3, 3, 4, 4 விழுந்தால் தொகை 15, தெய்வம் காப்பாளன் ஸீயுஸ், கிரேக்கர்களின் தலைமைத் தெய்வம். செய்யுள் சொல்வது: ஒரு ஒன்று, இரண்டு மூன்று, இரண்டு நான்கு, நீ செய்ய எண்ணும் காரியத்தைத் துணிந்து செய், கை வை, தெய்வங்கள் நல்ல குறி காட்டிவிட்டன, மனத்தில் பின்வாங்காதே, உனக்கு ஒரு தீங்கும் வராது.

இந்த இரட்டைப் பதிவுக்குக் காரணம் உண்டு. தொகையை மட்டும் பார்த்துத் தேடினால் தவறான பதிலில் போய் நிற்போம். 15 என்ற தொகை நான்கு வழிகளில் வரும்: 1-3-3-4-4, 3-3-3-3-3, 1-1-3-4-6, 1-1-1-6-6. நான்குக்கும் நான்கு தனித்தனிப் பதில்கள். தொகை பதிலை விரைவில் கண்டுபிடிக்க உதவும். தலைப்பிலுள்ள ஐந்து எண்களும் செய்யுளின் முதல் வரியும் அதைச் சரிபார்க்க உதவும். கல்லில் ஒரு எண் சிதைந்துபோனாலும் செய்யுளைக் கொண்டு அதை மீட்டுவிடலாம். தூண்களைப் படிக்கும் இன்றைய கல்வெட்டறிஞர்களுக்கும் இதே ஏற்பாடுதான் கைகொடுக்கிறது.

எந்த எலும்பு முதலில் விழுந்தது என்ற வரிசையைக் கணக்கில் எடுக்காவிட்டால், நான்கு பக்க எலும்பு ஐந்துக்கு 56 அமைப்புகள். ஆகவே 56 பதில்கள். ஸீயுஸ், அப்போலோ, ஹெர்மஸ், அஃப்ரோடைட், வெற்றித் தெய்வம், நெமிசிஸ், விதித் தெய்வங்கள், எகிப்திலிருந்து வந்த ஸெராபிஸ் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம். கல்லில் எல்லாப் பதிலுக்கும் ஒரே அளவு இடம். உருட்டுகிறவருக்கோ அவை சமமாகக் கிடைப்பதே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 3-3-3-4-4 விழும் வாய்ப்பு நூற்றுக்குச் சற்றே பத்துக்கு மேல். 3-3-4-4-4 அதே அளவு. காப்பாளன் ஸீயுஸின் 1-3-3-4-4 நூற்றுக்கு ஏழரைக்கு மேல், அதில் ஒன்றுக்குப் பதில் ஆறு இருந்தாலும் அதே. இந்த நான்கு பதில்கள் மட்டுமே வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த ஆறைச் (1-3-3-3-4, 1-3-4-4-4, 3-3-3-4-6, 3-4-4-4-6, 3-3-3-3-4, 3-4-4-4-4) சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 56 பதில்கள் கொண்ட தூண் உண்மையில் பெரும்பாலும் பத்துப் பதில்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுமுனையில், தூணின் உச்சியில் முதல் பதிலாக இருப்பது 1-1-1-1-1, ஒலிம்பிய ஸீயுஸுக்கு உரியது. அது விழும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்று. தினமும் பத்துப் பேர் வந்து உருட்டினாலும் 27 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதை எதிர்பார்க்க முடியும். பிள்ளைகளைத் தின்ற க்ரோனோஸின் பதில் 4-4-4-6-6, தொகை 24: வீட்டிலேயே இரு, வேறெங்கும் போகாதே, கொல்லும் விலங்கு உன்னை நெருங்கிவிடும், காலம் வரும்வரை பொறு. இந்த அச்சம் தரும் பதில் ஏறக்குறைய 156 வீச்சுக்கு ஒருமுறை. "துணிந்து செய்" என்ற காப்பாளன் ஸீயுஸோ 13 வீச்சுக்கு ஒருமுறை. செய்யுள் எழுதியவர் இந்த விகிதத்தை எண்ணிப் பார்த்து எழுதினாரா என்பதற்குக் கல்லில் சான்று இல்லை. ஆனால் எலும்பை வாழ்நாள் முழுக்க உருட்டிய மக்களுக்கு எது அடிக்கடி விழும் என்று கை அறிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

பதில்களின் உள்ளடக்கம் ஊரைக் காட்டுகிறது. பயணம், வியாபாரம், நோயாளி பிழைப்பாரா, வெளியூர் போனவர் திரும்புவாரா, வழக்கு. அறிவுரை பெரும்பாலும் இரண்டே வகை: இப்போது செய், அல்லது பொறு. நான்கு 4-ம் ஒரு 6-ம் விழுந்தால் தொகை 22, கடல் தெய்வம் பொசைடன் பேசுவார்: கடலில் விதைப்பதும் கடல்மேல் எழுதுவதும் இரண்டுமே வீண் உழைப்பு. நீர்மேல் எழுத்து என்று நாம் சொல்வதையே அந்தப் பகுதி மக்களும் சொல்லியிருக்கிறார்கள். அவசரப்பட்ட நாய் குருட்டுக் குட்டி போட்டது என்ற பழமொழியும் ஒரு பதிலில் வருகிறது.

இதே பகுதியில் எலும்பே தேவைப்படாத இன்னொரு வகையும் உண்டு. கிரேக்க எழுத்துகள் 24, ஒவ்வொன்றிலும் தொடங்கும் ஒரு வரி. முதல் எழுத்துக்கு "எல்லாவற்றையும் நல்லபடியாக முடிப்பாய் என்று தெய்வம் சொல்கிறது". இரண்டாவதற்கு "அதிர்ஷ்டத் தேவியோடு டெல்ஃபியின் அப்போலோவும் உனக்குத் துணை". ஒற்றை வரிப் பதில் என்பதால் கல்வெட்டுச் செலவு மிகக் குறைவு.

எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுவடிகளுக்கு வந்தால் கணக்கே வேறு. கிரேக்கக் கவிஞர் ஹோமரின் வரிகளை வைத்துக் குறி கேட்கும் முறைக்கு ஆறு பக்கப் பகடை வேண்டும். மூன்று முறை உருட்டி, விழுந்த வரிசையிலேயே எண்களை எழுத வேண்டும். 1-1-1 முதல் 6-6-6 வரை 216 வரிகள். இங்கே வரிசைதான் உயிர்: 2-5-1 வேறு, 5-2-1 வேறு. மூன்று பகடைகளை ஒரேயடியாக வீசிவிட்டால் எது முதல், எது இரண்டாவது என்று தெரியாமல் குறியே கெட்டுவிடும். ஆகவே ஒரு பகடை, மூன்று வீச்சு. பகடை நேர்மையானதாக இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் வாய்ப்பு சரியாக 216-ல் ஒன்று. எலும்புத் தூணில் இருந்த ஏற்றத்தாழ்வு இங்கே முற்றிலும் மறைந்துவிடுகிறது.

ஆனால் நாள் பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் நாள் விடியலில் கேட்கலாம், இரண்டாம் நாள் நண்பகலில், மூன்றாம் நாள் கூடவே கூடாது என்று பட்டியல் போகிறது. லைக்கியாவில் இருந்தாலும் ட்ராயில் இருந்தாலும் எங்கிருந்தும் கேட்கக்கூடியவரே என்று அப்போலோவை அழைக்கும், ஹோமரின் இலியட் காவிய வரிகளை முதலில் சொல்ல வேண்டும், மனத்தில் கேள்வியை வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு உருட்ட வேண்டும். கிடைக்கும் வரி போர்க்களத்தில் ஒரு வீரன் இன்னொருவனிடம் சொன்னதாக இருக்கலாம். அதைத் தன் கடனுக்கோ கல்யாணத்துக்கோ பொருத்திக்கொள்வது கேட்டவரின் வேலை.

"நேர்மையானதாக இருந்தால்" என்று சொன்னதற்குக் காரணம், கிடைத்திருக்கும் ரோமானியப் பகடைகளில் பல சரியான கனசதுரங்கள் அல்ல. நசுங்கியதுபோல் ஒரு திசையில் குட்டையாக இருக்கும். அந்தப் பெரிய முகங்களில் பலவேளை 1-ம் 6-ம் இருக்கும். பெரிய முகம்தான் அடிக்கடி தரையில் படியும், ஆக அதன் எதிர்முகம் மேலே வரும். அப்படிப்பட்ட பகடையில் 1-ம் 6-ம் கலந்த வரிகள் மற்றவற்றைவிட அதிகமாகப் பேசியிருக்கும்.

அஸ்ட்ராம்ப்சைக்கஸ் என்ற எகிப்திய ஞானியின் பெயரில் வழங்கிய கையேட்டில் பகடையே இல்லை. இதுவே எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. 92 கேள்விகள், 12 முதல் 103 வரை எண்ணிட்டவை. பதில்கள் பத்துப் பத்தாக 103 தொகுப்புகளில், ஆக மொத்தம் 1,030. கேட்க வந்தவர் பட்டியலிலிருந்து தன் கேள்வியைத் தேர்ந்தெடுப்பார். ஆக்ஸிரிங்கஸ் ஊரில் கிடைத்த பாப்பிரஸில் 72ஆம் கேள்வி "எனக்குக் கூலி கிடைக்குமா?" பிறகு 1 முதல் 10-க்குள் ஒரு எண்ணை மனத்தில் நினைக்க வேண்டும், 6 என்று வைத்துக்கொள்வோம். 72-ம் 6-ம் 78. அட்டவணையில் 78-க்கு எதிரே ஒரு தொகுப்பின் எண் இருக்கும். அந்தத் தொகுப்பைத் திறந்து ஆறாவது பதிலைப் படிக்க வேண்டும்.

நுட்பம் அட்டவணையில் இருக்கிறது. ஒரே கேள்விக்கான பத்துப் பதில்களை ஒரே இடத்தில் வைத்தால் கேட்பவர் எட்டிப் பார்த்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். ஆகவே அவை பத்து வெவ்வேறு தொகுப்புகளில், முதல் பதில் ஒன்றில் முதலிடத்திலும், இரண்டாவது இன்னொன்றில் இரண்டாமிடத்திலுமாகச் சிதறடிக்கப்பட்டன. தொகுப்புகளின் வரிசையும் கலைக்கப்பட்டது. ஒரு தொகுப்பைத் திறந்தால் கூலி, நோய், பயணம், மனைவி என்று தொடர்பில்லாத பத்து வரிகள்தான் கண்ணில் படும். 92 கேள்விக்கு 920 பதில் போதும். மீதி 110 பதில்களை எந்தக் கேள்வியாலும் எட்ட முடியாது, அவை நிரப்புவதற்காக வைத்தவை. படியெடுப்பவர் ஒரே ஒரு வரியை விட்டுவிட்டாலும் அந்தத் தொகுப்பின் கீழ்ப்பகுதி முழுவதும் இடம் பெயர்ந்துவிடும். கூலி கேட்டவருக்கு இன்னொருவரின் கேள்விக்கான பதில் வந்து நிற்கும்.

கேள்விகளைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. நான் விற்கப்படுவேனா? நான் தப்பி ஓட வேண்டியிருக்குமா? எனக்கு நஞ்சு வைக்கப்பட்டதா? அடிமையும் கடன்காரரும் நகரசபை உறுப்பினராக விரும்பியவரும் ஒரே பட்டியலின் முன்னால் நின்றிருக்கிறார்கள். அந்தக் கால எளிய மக்களின் கவலையை இவ்வளவு நேராகக் காட்டும் ஆவணங்கள் மிகக் குறைவு.

இத்தாலியில் திருவுளச்சீட்டு முறை வலுவாக இருந்தது. ரோமுக்குக் கிழக்கே பிரெனெஸ்ட் நகரில் அதிர்ஷ்டத் தேவி ஃபோர்தூனா பிரிமிகேனியாவின் கோயில் மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழுந்து நின்றது. ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ சொல்லும் தலவரலாறு இது: நுமேரியுஸ் சுஃப்ஃபுஸ்தியுஸ் என்பவர் கனவின் கட்டளைப்படி ஒரு பாறையைப் பிளக்க, பழைய எழுத்து பொறித்த ஓக் மரச் சீட்டுகள் உள்ளிருந்து வெளிப்பட்டன. அப்போது தேன் வடிந்த ஒரு ஆலிவ் மரத்தில் பெட்டி செய்து அவற்றை வைத்தார்கள். ஒரு சிறுவன் அவற்றைக் கலந்து ஒன்றை எடுப்பான். டைபீரியஸ் அந்தச் சீட்டுகளை முத்திரையிட்டு ரோமுக்குக் கொண்டுவந்தபோது பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்றும், கோயிலுக்குத் திருப்பி அனுப்பிய பிறகே அவை மீண்டும் தெரிந்தன என்றும் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார்.

சீட்டில் மோசடி நடக்காமல் காப்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த ஏற்பாடு ஏதென்ஸ் நகரத்தினுடையது. கி.மு. 352/351-ல், எலூசிஸ் தேவியருக்குரிய புனித நிலத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடலாமா என்று கேட்க வேண்டியிருந்தது. ஒரே மாதிரியான இரண்டு வெள்ளீயத் தகடுகள்: ஒன்றில் குத்தகைக்கு விடுவது நல்லது என்று எழுதினார்கள், மற்றதில் தரிசாக விடுவது நல்லது என்று. இரண்டையும் சுருட்டிக் கம்பளி நூலால் சுற்றி, மக்கள் முன்னிலையில் வெண்கலக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். முதலில் வந்ததைத் தங்கக் குடத்திலும் அடுத்ததை வெள்ளிக் குடத்திலும் இட்டு அரசு முத்திரை வைத்தார்கள். விரும்பும் எந்தக் குடிமகனும் தன் முத்திரையையும் வைக்கலாம். குடங்கள் ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபோலிஸுக்குப் போயின. மூன்று பேர் டெல்ஃபிக்குப் போய்க் கேட்டது ஒன்றே: தங்கக் குடத்தில் இருப்பதன்படி நடக்கவா, வெள்ளிக் குடத்தில் இருப்பதன்படி நடக்கவா? எதில் எது இருக்கிறது என்று கேட்பவருக்கும் தெரியாது, பதில் சொல்லும் டெல்ஃபி அர்ச்சகர்களுக்கும் தெரியாது. யாரையும் விலைக்கு வாங்கிப் பயனில்லை. நிலம் தரிசாகவே விடப்பட்டது.

சிசரோ கி.மு. 44-ல் குறி பற்றி எழுதிய உரையாடல் நூலில் தம்பி குவின்டுஸ் எலும்பையே சான்றாக எடுக்கிறார். நான்கு தாலுஸ் எறிந்தால் தற்செயலாக வீனஸ் விழலாம். 400 எறிந்து 100 வீனஸ் விழுந்தால் அதையும் தற்செயல் என்பீர்களா? அண்ணன் பிறிதோரிடத்தில் சொல்லும் மறுமொழி, அடிக்கடி எறிகிறவனுக்கு எப்போதாவது வீனஸ் விழும், சில வேளை இரண்டு மூன்று முறை தொடர்ந்தும் விழும் என்பது. இரண்டு பேரும் சரி. நூறும் வீனஸாக விழும் வாய்ப்பை எழுத 140-க்கும் மேற்பட்ட பூஜ்யங்கள் வேண்டும். 26-க்கு ஒருமுறை வரும் ஒன்று அடுத்தடுத்து இரண்டு முறை விழுவது, நாள் முழுக்க ஆடுகிறவருக்கு அன்றாட நிகழ்ச்சி.

கிறித்தவ காலத்திலும் இது நிற்கவில்லை. இன்றைய பிரான்ஸில், 506-ல் ஆக்டேவிலும் 511-ல் ஆர்லியான்ஸிலும் கூடிய ஆயர்கள் சீட்டுக் குறி கேட்பதைத் தடை செய்தார்கள். லத்தீனில் வழங்கிய ஒரு கையேடு மூன்று பகடைகளை வைத்துப் பதில் சொன்னது, மூன்று ஆறு விழுந்தால் "சூரியனுக்குப் பின் விண்மீன்கள் எழும்" என்ற நல்வாக்கோடு தொடங்கியது. வரிசை பாராமல் மூன்று பகடைகளைப் படித்தால் வரும் அமைப்புகள் 56. ஐந்து ஆட்டெலும்புகளுக்கு வந்த அதே எண்ணிக்கை. ஆகையால் தூணின் பதில்களை ஒன்றுக்கு ஒன்றாகப் பகடைக்கு மாற்ற எந்தத் தடையும் இல்லை. மாறுவது வாய்ப்பு மட்டும்: எலும்பில் மிக எளிதான பதிலுக்கும் மிக அரிதானதற்கும் இடையே பத்தாயிரம் மடங்கு வேறுபாடு, மூன்று பகடையில் வெறும் ஆறு மடங்கு. லட்சத்தில் ஒருமுறை பேசிய தெய்வம், இந்தப் புதிய முறையில் 216 வீச்சுக்கு ஒருமுறை பேசும்.